ஓதம் பிடித்த வீடுகளும் ஒரு தறிக்குழியும்

வெயில் காலத்தில் கொத்தனாரை யாரும் தேடுவதில்லை. முதல் மழை விழுந்து சுவரில் ஓதம் ஏறியதும் ஊரே சைக்கிள் எடுத்துக்கொண்டு அவன் வாசலில் வந்து நிற்கும். எழுபதுகளின் கடைசியில் சங்கரன்கோவிலில் ஒழுக்கு, கசிவு என்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். ஒழுகும் இடத்தில் சட்டியை வைத்துவிட்டு, ஒழுகாத மூலையில் பாயைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்த அனுபவம் உங்களுக்கு இருந்தால் நாமெல்லாம் ஒரே கட்சி. என் வீடும் அப்போது ஒழுகிக்கொண்டுதான் இருந்தது.

பெண் பார்க்க வந்தவர் முதுகில்

ஒரு பலசரக்குக் கடைக்காரர் வீட்டில் கூடத்துச் சுவர் இடுப்பளவுக்கு ஊறியிருந்தது. மூன்று நாளில் மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள். "மேலால ஒரு வெள்ளை அடிச்சு விடும் வே" என்றார். ஈரச் சுவரில் வெள்ளை நிற்காது, முதலில் வெளிச்சுவர் ஓரத்துத் தண்ணீரை விலக்க வேண்டும் என்று தொண்டை வற்றச் சொன்னேன். கேட்கவில்லை. அடித்தேன்.

அவர்கள் பெண் பார்க்க வந்த அன்றைக்கு, மறந்து வைத்த பூச்சுக் கரண்டியை எடுக்கப் போனவன் வாசலிலேயே நின்றுவிட்டேன். சுவரில் சாய்ந்திருந்த மாப்பிள்ளையின் அப்பா எழுந்தார். சட்டை முதுகு முழுக்க என் வெள்ளை. கடைக்காரருக்கு முகம் செத்துப்போயிற்று. வந்தவர் தோளைத் தட்டிவிட்டுக்கொண்டே சொன்னார்: "எங்க வீட்டுச் செவருல சாஞ்சாலும் இப்படித்தான் அண்ணாச்சி ஒட்டும்; நீங்க பிள்ளையக் கூப்பிடுங்க."

தறிக்குழியில் தண்ணீர்

சங்கரலிங்கம் நெசவாளி. அவருடையது குழித்தறி, தரையில் தோண்டிய குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்து, மிதித்து நெய்ய வேண்டும். ஐப்பசி மழையில் அந்தக் குழி நிறைந்துவிடும், தறி நின்றுவிடும். இந்த மழைக்கும் நின்றால் ராஜபாளையம் மில்லுக்குப் போய்விடுவேன் என்று அவர் முடிவாகச் சொல்லிவிட்டார். இரண்டு பிள்ளைகளோடு தனியாக இருக்கப் பயந்து, அவர் மனைவி கோமதிதான் என்னைத் தேடி வந்தார்.

குழியின் உள்பக்கம் முழுக்கச் சிமெண்ட் பூசி, பளபளவென்று தேய்த்துக் கொடுத்தேன். அடுத்த மழையில் தண்ணீர் பூச்சைப் பெயர்த்துக்கொண்டு வந்தது. கோமதி செம்பால் இறைத்துக்கொண்டே, நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னார்: "முன்ன சேறா இருந்துச்சு அண்ணாச்சி, இப்ப தண்ணி தெளிவா இருக்கு."

துவைகல்லின் இடம்

வெட்கம் தாங்காமல் மறுநாள் மழையிலேயே போய் வீட்டைச் சுற்றி வந்தேன். அதை முதலிலேயே செய்திருக்க வேண்டும். தறிச் சுவருக்கு நேர் பின்னால் துவைகல் கிடந்தது. துணி துவைத்த தண்ணீரும், ஓட்டிலிருந்து விழுந்த தண்ணீரும் அங்கேயே தேங்கி, மண்ணுக்குள் இறங்கி, குழிக்கு வந்துகொண்டிருந்தன.

கல்லைப் பத்தடி தள்ளிப் போட்டோம். சுவரடியில் செம்மண் கொட்டி இடித்து, தண்ணீர் வெளியே ஓடுகிற மாதிரி வாட்டம் கொடுத்தேன். குழி காய்ந்ததும் மறுபடி பூசினேன். கார்த்திகை மழை முழுவதும் உள்ளே ஒரு சொட்டு இல்லை. சங்கரலிங்கம் குழிக்குள் இறங்கி, வெறுங்காலால் நாலு பக்கமும் தடவிப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "மில்லுக்குப் போறேன்னு சொன்னேம்லா, அத அவகிட்ட ஞாபகப்படுத்தாதேயும் வே."

சித்திரை வெயில்

அடுத்த சித்திரையில் அதே மனிதர் கோபமாக வந்து நின்றார். நூல் அறுந்துகொண்டே இருக்கிறதாம். போய்ப் பார்த்தால், ஒரு முழம் நெய்வதற்குள் பத்து முடிச்சு. பருத்தி நூலுக்குக் கொஞ்சம் ஈரம் வேண்டும். அதை இத்தனை வருடம் கொடுத்தது அந்த மண்குழிதான். நான் அதை அப்பளமாகக் காய வைத்திருந்தேன். மில் பேச்சு மறுபடி கிளம்பியிருந்தது.

பூச்சை உடைத்துவிடட்டுமா என்று கேட்டேன். கோமதி கையமர்த்தினார். குழிக்குள் மணல் பரப்பி, குடத்துத் தண்ணீரைத் தெளித்தார். மதியத்துக்குள் தறிச் சத்தம் நிற்காமல் கேட்க ஆரம்பித்தது. காலிக் குடத்தை இடுப்பில் ஏற்றியபடி அவர் சொன்னார்: "மழைக்கு எறைச்சேன், வெயிலுக்கு ஊத்துதேன்; தண்ணி தூக்குத வேலை எனக்குத் தீரல அண்ணாச்சி, ஆனா அவுக வீட்டோட இருக்காவ."

அன்றிலிருந்து எந்த வீட்டுக்குப் போனாலும், கரண்டியை எடுக்கும் முன் "இங்கன கொஞ்சம் ஈரம் வேணுமா?" என்று கேட்டுவிடுகிறேன்; ஓதத்துக்கு வைத்தியம் பார்க்கக் கூப்பிட்டவர்கள் என்னை ஒரு மாதிரியாகத்தான் பார்க்கிறார்கள்.