பசுவின் நிறையும் வாப்பாவின் நிறையும்

அந்த யோசனை எனக்குக் குசினிக்குள் வைத்துத்தான் வந்தது. ஒரு கையில் ஆஸ்பத்திரியில் வாப்பாவுக்கு மருந்து எழுதித் தந்த துண்டு, மறு கையில் எங்கள் பசுவின் மருந்துப் போத்தல். இரண்டிலும் ஒரே பெயர்! ஆங்கிலத்தில், எழுத்துக்கு எழுத்து அதே பெயர். நான் கத்திய கத்தில் ஆணம் கிண்டிக்கொண்டிருந்த உம்மா அகப்பையைக் கீழே போட்டுவிட்டா.

நாட்டில் டீசலும் இல்லை, மருந்தும் இல்லை என்றிருந்த வருடம் அது. நான் எட்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். வயலில் வரம்பு கட்டும்போது மண்வெட்டி வாப்பாவின் பாதத்தில் இறங்கி ஐந்து நாளாகியிருந்தது. காயம் பழுத்து, வீக்கம் முழங்காலை நோக்கி ஏறியது. அரசாங்க ஆஸ்பத்திரியில் கழுவிக் கட்டிவிட்டு, மருந்து முடிந்துவிட்டது, வெளியில் வாங்குங்கள் என்று துண்டு எழுதித் தந்தார்கள். ஏறி இறங்கிய பாமசி ஒன்றிலும் அது இல்லை. இருந்த ஒரே இடம் டவுனில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. உடனே சேர்க்காவிட்டால் கால் போய்விடும் என்றார்கள் அங்கே. சேர்ப்பதற்கு முன் கட்ட வேண்டிய முற்பணத்தையும் சொன்னார்கள். வாப்பா கேட்டுவிட்டு, ஒற்றைச் செருப்பை மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார்.

"மாட்டுக்குரிய மருந்த மனிசனுக்கா? வாப்பாக்கும் மகளுக்கும் பைத்தியமா?" என்றா உம்மா.

"பேரு ஒண்டுதான் எண்டு புள்ள வாசிச்சிச் சொல்றாதானே. டவுனுக்குப் போனா வெள்ளாமக் காணிய ஈடு வெச்சித்தான் திரும்பி வரணும்" என்றார் வாப்பா.

அளவுதான் பிரச்சினை. பசுவுக்கு மடி வீங்கியபோது மாட்டு டொக்டர் ஒரு சிரிஞ்சு நிறைய ஏற்றினார். அப்படியானால் வாப்பாவுக்கு எவ்வளவு? அந்தக் கிழமைதான் வகுப்பில் நேர்விகிதசமன் படித்திருந்தோம். படித்ததை எங்கே பிரயோகிக்கலாம் என்று துடித்துக்கொண்டிருந்த எனக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? பக்கத்து வீட்டு நெல் தராசில் வாப்பாவை ஏற்றினேன். ஒற்றைக் காலில் நின்றுகொண்டு, "ஒரு மூட நெல்லுக்கும் காணமாட்டன் போல" என்று சிரித்தார். ஐம்பத்தைந்து கிலோ.

பசுவைத் தராசில் ஏற்ற முடியாது. ஆனால் உம்மாவின் தம்பி, என் மாமா, இறைச்சிக்கடை வைத்திருந்தார். மாட்டைக் கண்ணால் பார்த்தே கிலோ சொல்லுவார், சொன்னால் பிசகாது. வந்து பசுவை ஒரு சுற்றுச் சுற்றினார்.

"நூத்திப் பத்துக்குக் குறையாது. என்ன மகள், வாப்பா விக்கப்போறாரோ?"

நூற்றுப் பத்துக்கு ஒரு சிரிஞ்சு என்றால் ஐம்பத்தைந்துக்கு அரைச் சிரிஞ்சு. சரி பாதி! விடை அழகாக வந்தால் கணக்குச் சரி என்று எங்கள் கணித ரீச்சர் சொல்லுவா. நான் அந்த விடைக்குக் கீழே இரட்டைக் கோடு போட்டேன். மாமா சிரிஞ்சை அவித்து, பிஸ்மில்லாஹ் சொல்லி, வாப்பாவின் தொடையில் ஏற்றினார்.

பின்னேரம் அஸருக்குப் பாங்கு சொல்லும்போது வாப்பாவின் முகம் வெளிறியிருந்தது. குடித்த தண்ணீரும் சத்தியாக வெளியே வந்தது, நிற்கவில்லை. உடம்பு உதறியது. யாரோ ஒருவரின் ஓட்டோவில் மிச்சமிருந்த பெட்ரோலில் அரசாங்க ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். ஊசியும் சேலைனும் ஏற்றிய பிறகுதான் உதறல் அடங்கியது.

டொக்டர் எங்கள் எல்லோரையும் ஒரு பார்வை பார்த்தார். "மாட்டு மருந்தா? அளவ ஆர் சொன்னது?"

கணக்குக் கொப்பி என் கையில்தான் இருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் வாப்பா முந்திக்கொண்டார்.

"நான்தான் டொக்டர். நானே பார்த்த கணக்கு. இவங்க ஒருத்தருக்கும் தெரியா."

எனக்கு வந்த கோபம்! ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட மனிதர், நேர்விகிதசமன் என்றால் என்னவென்றே தெரியாதவர், என் கணக்கைத் தன்னுடையது என்கிறார். டொக்டர் அவரை ஏசத் தொடங்கினார். படிப்பில்லாத மடையன் என்றார். வாப்பா ஓம், ஓம் என்று தலையாட்டிக்கொண்டே கிடந்தார். காயம்பட்ட அந்தக் காலை அவர் இன்றும் இழுத்துத்தான் நடக்கிறார். அந்தப் பொய்யைப் பற்றி இன்றுவரை ஒரு வார்த்தை கதைத்ததில்லை.

வெளியே உம்மாவிடம் டொக்டர் மெதுவாகச் சொன்னார்: அளவு கூடியதால் வந்தது, உயிருக்குப் பயமில்லை, ஆனால் காலுக்குத் துண்டில் எழுதிய அந்த மருந்து வேண்டும், நாளைக்குள் எங்கேயாவது தேடுங்கள். உம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டா. சுவரோரத்து மர வாங்கில் உட்கார்ந்திருந்த மாமா என் கொப்பியை எடுத்துப் பார்த்தார். விரல் அந்த நூற்றுப் பத்தில் நின்றது.

"மகள், இது இறைச்சியெல்லுவா! நான் எப்பவும் இறைச்சியத்தானே சொல்ற. எலும்பு, தோல், குடல், தல எல்லாம் சேத்தா இன்னும் இவ்வளவு வரும்."

ஓ! எனக்குள் ஒரு விளக்கு எரிந்தது. அப்படியென்றால் முறையில் பிழை இல்லை; தரவில்தான் பிழை. வாப்பா ஏன் அந்த ஏச்சைத் தன் தலையில் வாங்கிக்கொண்டார் என்பதோ, உம்மா ஏன் என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்து அழுதா என்பதோ அன்று எனக்குப் புரியவில்லை. வீட்டில் போத்தலில் பாதி மிச்சம் இருப்பது மட்டும் தெரிந்தது. வாங்கில் மாமாவுக்குப் பக்கத்தில் இருந்து, கொப்பியில் புதுப் பக்கம் புரட்டி, 'பசுவின் முழு நிறை' என்று எழுதத் தொடங்கினேன்.