மீன் மேடையில் கத்தரிக்காய்

சென்ற செவ்வாய்க்கிழமை காலை நான் சந்தையின் கதவைத் திறந்துகொண்டிருந்தபோது, சரவணை ஊர் மனோன்மணி அக்கா காலமானார் என்ற செய்தியைப் பேருந்து நடத்துநர் இறங்கிவந்து சொன்னார். விற்க வந்தவர்கள் கடகப் பெட்டிகளை இறக்கிவைத்துவிட்டு அப்படியே நின்றனர். கண்டிருந்தால், "வெய்யில் ஏற முதல் விக்கிற வழியைப் பாருங்கோ" என்றுதான் அக்கா அதட்டியிருப்பார்.

அவரை அறியாதவர்களுக்காக எழுதுகிறேன். தம் தோட்டத்துக் கத்தரிக்காயையும் வெங்காயத்தையும் இடைத்தரகர் எவருமின்றித் தாமே விற்றவர் அவர். பட்டணத்து லொறிகள் வராது நின்றுபோகும் இந்த ஆண்டுகளில், எங்கள் தீவின் அடுப்புகள் அவரைப் போன்றவர்களாலேயே எரிகின்றன. காய் முற்றியிருந்தால், "இது விதைக்குத்தான் சரி, பிள்ளை" என்று வாங்குபவரின் கையிலிருந்தே திரும்ப எடுத்துக்கொள்வார்.

நான் சந்தை மேற்பார்வையாளனாகப் பொறுப்பேற்ற ஆண்டில், விற்பனையின்றி ஒரு வாரத்துக்கு மேல் கிடக்கும் இடத்தை வேறொருவருக்கு வழங்க வேண்டும் என்ற விதி வந்தது. ஒரு வாரத்தையும் தாண்டி நீளும் நயினாதீவு அம்மன் திருவிழாக் காலத்தில் ஊர் மீன், இறைச்சி என்று மச்சம் எல்லாம் விலக்கும். மீன் மேடைகள் வெறுமையாகும். அவற்றுள் ஒன்று நாரந்தனை ஊர்ப் பிலோமினாவுடையது. கணவர் பிடிக்கும் மீனை அவர் விற்றுத்தான் அக்குடும்பம் வாழ்ந்தது. அந்த இடத்துக்குப் பட்டணத்து வியாபாரி ஒருவர் ஏற்கெனவே விண்ணப்பித்திருந்தார்.

மனோன்மணி அக்கா என் மேசைக்கு முன் வந்து நின்றார்.

"தம்பி, அங்கை மீன்தான் விக்கவேணுமெண்டு சட்டத்திலை கிடக்கோ?"

மீண்டும் வாசித்துப் பார்த்தேன். "இல்லை அக்கா. விற்பனை நடக்கவேணும் எண்டுதான் கிடக்கு."

"அப்ப என்ரை கத்தரிக்காயிலை பாதியை அவள் விக்கட்டும்."

மீன் வாடை போக மேடையைச் சுண்ணாம்புத் தண்ணீரால் கழுவ வேண்டும் என்று நிபந்தனை விதித்தேன். அக்கா மஞ்சளும் கரைத்து ஊற்றினார்.

நயினாதீவிலிருந்து திரும்பிய அடியார்களின் பேருந்து வந்து நின்றது. பழக்கதோஷத்தில் பிலோமினா, "வாங்கோ, இப்பதான் வள்ளத்தாலை இறங்கினது" என்று கூவிவிட்டார். போதாதென்று, மீன் புதிது என்று செவுளைத் தூக்கிக் காட்டுவதுபோல, கத்தரிக்காயின் காம்புத் தோலை விரலால் தூக்கிக் காட்டினார்.

"எடியே, அது நீந்தாதடி" என்றார் அக்கா.

"நீந்தாட்டில் என்ன அக்கா, துடிக்குதெல்லோ."

அடியார்கள் சிரித்துச் சிரித்து வாங்கினர். எப்படிச் சமைப்பது என்று கேட்டவர்களுக்கு, பால்கறியா பொரித்த குழம்பா என்று இருவரும் வாதாடியே விடை கூறினர். அடுத்த ஆண்டு, "துடிக்கிற கத்தரிக்காய் எங்கை?" என்று கேட்டுக்கொண்டே அவர்கள் இறங்கினர். ஏனைய மீன் மேடைகளிலும் தோட்டக்காரர்கள் காய்களைப் பரப்பத் தொடங்கினர். பிலோமினாவின் இடம் பிலோமினாவிடமே நிலைத்தது.

இப்போது அக்காவின் இடம் வெறுமையாகிவிட்டது. முப்பத்தோராம் நாள் கிரியை முடியும்வரை அவருடைய மகள் சந்தைக்கு வர இயலாது. விதி மாறவில்லை.

நேற்றுக் காலை அங்கே பிலோமினா அமர்ந்திருந்தார். மீன் மேடையில் கணவரை விட்டிருந்தார். முன்னால் சரவணைத் தோட்டத்துக் கத்தரிக்காய்.

"மகள் வருமட்டும் நான் விக்கிறன், ஐயா. சட்டத்திலை இடமிருக்கோ?"

"ஓம், இருக்கு."

வாங்க வந்த பெண் ஒருத்தி காய் புதிதா என்று கேட்டாள். அழுது சிவந்திருந்த கண்களுடன் பிலோமினா ஒரு காயை எடுத்து, காம்புத் தோலை விரலால் தூக்கிக் காட்டினார். துக்கத்தில் அடங்கியிருந்த சந்தை முழுவதும் சிரித்தது.

அக்கா, உங்கள் இடத்தில் விற்பனை நடக்கிறது. நிம்மதியாகப் போய்வாருங்கள்.