ஈரல் படமும் ஏணியும்

புதுக்குடியிருப்புப் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் சுகாதாரப் பாடம் படிப்பிக்கிறேன். விளையாட்டுப் போட்டிக்காக மாணவரைப் பிரித்த இல்லங்களில் நீல இல்லத்துக்குப் பொறுப்பாசிரியரும் நான்தான். போட்டிக்குப் பத்து நாள் இருக்கையில் பாடசாலை அதிபர் கூப்பிட்டார்.

“ரீச்சர், போன வருசம் இல்லம் சோடிக்கேக்க உங்கட பெடியள் ரெண்டு பேர் குடிச்சவங்கள். இந்த முறை ஒருத்தனில மணம் வந்தாலும் நீல இல்லம் போட்டியில இல்லை.”

இல்லக் கொட்டிலை அலங்கரிக்கும் சோடனைக்குப் பழைய மாணவர்கள் உதவிக்கு வருவது எங்கள் வழக்கம். கம்பு நடுவார்கள், ஓலை கட்டுவார்கள். கூடவே பியர் ரின்னும் வரும்.

அன்று பின்னேரமே இல்லத்தின் மூத்த பிள்ளைகள் இருபத்தாறு பேரையும் இருத்தி, ஈரல் படத்தைத் தொங்கவிட்டு, குடி அதை எப்படிக் கெடுக்கும் என்று நாற்பது நிமிடம் விளக்கினேன். இல்லத் தலைவன் நிரோஜன் எழும்பினான்.

“ரீச்சர், ஈரல் எங்களுக்குப் பாடம். அண்ணையாக்கள் நீட்டேக்க என்ன சொல்லுறது? அதை ஒருத்தரும் படிப்பிக்கேல்லை.”

அதை அப்படியே நாட்குறிப்பில் எழுதி, கீழே “என் பிழை” என்றும் எழுதினேன். மறுநாள் படம் கொண்டுபோகவில்லை. நானே பழைய மாணவனாக நடித்தேன்.

“தம்பி, சிறிதளவு மது அருந்துகிறீரா?”

எல்லோரும் சிரித்தார்கள். “இப்பிடிக் கேட்டால் குடிகாரனும் குடிக்கமாட்டான், ரீச்சர்!” என்று தர்சிகா எழுந்து வந்தாள். நிரோஜனிடம் வெறுங்கையை நீட்டினாள். “டேய், நீ ஆம்பிளையோ? ஒரு மிடறு எடடா!”

நிரோஜனுக்கு வாய் வரவில்லை. மூன்று பின்னேரம் பழகினோம். “வேண்டாம்” என்று மட்டும் சொன்னவர்கள் இரண்டாந்தரம் கேட்டதும் தடுமாறினார்கள். மறுத்த கையோடு, நீட்டியவருக்கு ஒரு வேலையைக் காட்டியவர்கள் தப்பினார்கள்.

சோடனை நாள், மூன்றேகாலுக்குப் பழைய மாணவர் சுதன் மோட்டார் சைக்கிளில் கறுப்புப் பையோடு வந்தார். நான் தள்ளி நின்றேன்.

“இந்தா தலைவர், முதல் ரின் உனக்கு.”

“எனக்கு வேண்டாம் சுதனண்ணை. உச்சிக்கம்பு கட்ட உங்களை விட்டால் ஆளில்லை. ஆனா, குடிச்ச ஆக்களுக்கு ஏணி இல்லை. எங்கட சட்டம்.”

“ஆர் போட்டது? ரீச்சரோ?”

“நாங்கள் இருபத்தாறு பேரும்,” என்றாள் ஏணியைப் பிடித்திருந்த தர்சிகா.

சுதன் ஏணியைப் பார்த்தார். பிறகு பையை மோட்டார் சைக்கிளில் கொழுவினார்.

“கயிறைத் தாங்கோடா, சட்டம் படிப்பிக்கிற சட்டம்பிமாரே!”

ஐந்து நாற்பதுக்கு உச்சிக்கம்பு ஏறியது. அதிபர் ஒவ்வொருவரின் கிட்டவும் போய்ப் பார்த்தார். ஒருவரிலும் மணமில்லை. மறுநாள் சோடனையில் நீல இல்லம் முதலிடம். கேடயம் வாங்க நிரோஜன் சுதனையும் கையில் பிடித்து இழுத்துப் போனான்.

இளம் ஆசிரியர்களுக்கு ஒன்று சொல்வேன். பிள்ளைகள் எந்த இடத்தில் வாயடைத்து நிற்கிறார்களோ, பாடத்தை அங்கே தொடங்குங்கள். என் ஈரல் படம் இப்போது அலுமாரியில் இருக்கிறது. பரீட்சைக்கு முதல் வாரம் மட்டும் வெளியே எடுக்கிறேன்.