கால்குலேட்டரின் வயிற்றில் சந்தனம்

கல்லூரியில் பௌதிகம் சொல்லிக்கொடுத்துச் சம்பளம் வாங்கிய நான், ஒரு கால்குலேட்டரின் பேட்டரி அறைக்குள் சந்தனம் பூசியிருக்கிறேன். ஒரு முனைக்கு மட்டுமல்ல, பாரபட்சம் கூடாதென்று ஆறு முனைகளுக்கும். பூசிய பிறகு கொஞ்சம் தள்ளி நின்று அழகு பார்த்ததையும் சொல்லிவிடுகிறேன்.

எழுபதுகளின் கடைசி. என் மனைவியின் அண்ணன் வளைகுடாவில் ஒரு கட்டடக் கம்பெனியில் மேற்பார்வையாளர். லீவில் சொந்த ஊரான எருத்தேன்பதிக்கு வந்தவர், சட்டைப்பையில் ஒரு சயின்டிஃபிக் கால்குலேட்டரோடு வந்தார். தட்டினால் சிவப்பு எழுத்தில் எண்கள். சைன், காஸ், லாக் எல்லாம் ஒரே தட்டு. லாக் புத்தகத்தின் பக்கங்களை எச்சில் தொட்டுப் புரட்டியே பட்டம் வாங்கியவன் நான். வெட்கமில்லாமல் கேட்டு வாங்கினேன்.

"வெச்சு வெளையாடுங்க மாப்ள. ஆனா இது என்னோடதில்லீங்க, ஆபீஸ் சாமான். இது இல்லாம போய் நின்னேன்னா, வந்த வழியே திருப்பி அனுப்பிருவானுங்க" என்றார் மச்சான்.

ஆயுத பூஜை வந்தது. மாமனார் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு: மூடி உள்ள சாமான் எதுவானாலும் மூடியைத் திறந்து உள்ளேயும் சந்தனம் வைக்க வேண்டும். பம்புசெட்டின் ஸ்டார்ட்டர் பெட்டி, தையல் மெஷின், டார்ச் லைட், எதற்கும் விலக்கில்லை. நான் கால்குலேட்டரின் நெற்றியில் மட்டும் பொட்டு வைத்துக் கொண்டுவந்ததை அத்தை பார்த்துவிட்டார்.

"வெளிய மட்டும் வெச்சா மூடிக்குத்தானுங்க பூஜை. உள்ள இருக்கறதுதானுங்களே வேல செய்யுது?"

இதில் தர்க்கப் பிழை ஏதும் எனக்குத் தென்படவில்லை. பின்பக்க மூடியைத் தள்ளித் திறந்தேன். மூன்று பென்சில் பேட்டரிகள், ஒன்று மேலே பார்க்க அடுத்தது கீழே பார்க்கப் படுத்திருந்தன. அவற்றைக் கழற்றி, ஒருபுறத்துச் சுருள் கம்பிக்கும் எதிர்ப்புறத்துத் தகட்டுக்குமாக மூன்று ஜோடி முனைகளிலும் கெட்டிச் சந்தனத்தைத் தாராளமாக அப்பி, பேட்டரிகளை மறுபடி பொருத்தி மூடினேன். பூஜையில் வைத்ததை விஜயதசமி வரை தொடக்கூடாது. சந்தனம் நிதானமாகக் காய்ந்தது.

விஜயதசமியன்று காலையில் பித்தானைத் தள்ளினேன். சிவப்பு எழுத்து வரவில்லை. மறுநாள் மச்சானுக்குப் பம்பாய் ரயில்.

பதறாமல் விஞ்ஞான முறைப்படி இறங்கினேன். பேட்டரிகளை இடம் மாற்றினேன். ஓட்டின்மேல் வெயிலில் காயவைத்தேன். சைக்கிள் மிதித்துப் போய்ப் புதுசு வாங்கி வந்து போட்டேன். ஒவ்வொரு தடவையும் அறையைத் திறந்தபோது சந்தனம் கண்ணில் பட்டது. பூஜை முடிந்த சாமானில் சந்தனம் இருக்கத்தானே செய்யும் என்று மேற்கொண்டு யோசிக்கவில்லை. முடிவில், பழுது ஆழமான எலக்ட்ரானிக் கோளாறு என்று தீர்மானித்தேன். எனக்குப் புரியாத எதற்கும் அந்தக் காலத்தில் நான் வைத்திருந்த பெயர் அது.

மச்சான் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார். "மாப்ள, அந்தக் கணக்குப் பொட்டி?" என்றார். "ஒரு கணக்கு பாக்கி இருக்கு" என்று சொல்லிவிட்டுக் கொழிஞ்சாம்பாறைக்குப் பஸ் பிடித்தேன்.

அங்கே ரேடியோ ரிப்பேர் கடைக்காரர் மூடியைத் திறந்தார். மோந்து பார்த்தார்.

"ஏனுங்க, இது சந்தனமுங்களா?"

"பூஜைக்கு."

"சாமி ஏத்துக்குமுங்க. கரண்ட்டு ஏத்துக்காதுங்க."

முனைகளைச் சுரண்டி, உப்புத்தாளைச் சிறிதாக மடித்து ஒவ்வொன்றையும் தேய்த்தார். கம்பி முனையை உப்புத்தாளால் தேய்க்காமல் இணைப்புக் கொடுத்தால் வகுப்புக்கு வெளியே நிற்கவேண்டும் என்று வருஷா வருஷம் சோதனைச்சாலையில் கத்துபவன், முக்காலியில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சாருக்கு என்ன வேலைங்க?"

"காலேஜ்ல வாத்தியார்."

"என்ன பாடமுங்க?"

"சரித்திரம்" என்றேன்.

பேட்டரிகளைப் போட்டுப் பித்தானைத் தள்ளினார். சிவப்பில் ஒரு பூஜ்யம் வந்தது. என் வாழ்நாளில் எந்தப் பூஜ்யத்தையும் அவ்வளவு ஆசையாகப் பார்த்ததில்லை.

வீடு திரும்பியதும் ஒன்றும் நடக்காதவன்போல மச்சானிடம் நீட்டினேன். அவர் முப்பது டிகிரிக்கு சைன் தட்டினார். சரியாக அரை வந்தது. மகிழ்ந்து பையில் போடுவார் என்று பார்த்தால், அதைத் திருப்பி மூக்கருகே கொண்டுபோனார். என்னை ஒரு தரம் பார்த்தார். அப்படியே பையில் போட்டுக்கொண்டார். பெரிய மனுஷன் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் ரயிலடிக்குப் போகும் பஸ்ஸில் ஏற்றிவிடப் போனேன். பெட்டியை மேலே போட்டுவிட்டு, ஜன்னல் வழியாகக் கையை நீட்டி என் தோளைத் தட்டினார்.

"அடுத்த லீவுக்கு உங்களுக்கே ஒண்ணு வாங்கியாறனுங்க மாப்ள. வெளிச்சத்துலயே ஓடற மாதிரி புதுசா வருதாம். பேட்டரியும் கெடையாது, மூடியும் கெடையாது. நீங்களே நெனைச்சாலும் தொறக்க முடியாதுங்க."