கட்டிலடிக்குக் கிடைத்த வீடு

கண்டக்டர் ஓய்வு பெற்றுப் பல வருஷமாகியும் அவருடைய தொண்டை ஓய்வு பெறவில்லை. "கதவ மூடு" என்று மனைவியிடம் சொன்னால் எதிர்வீட்டிலும் மூடிவிடுவார்கள். காப்பகத்தில் சேரும் தெருநாய்களை வீட்டில் வைத்துத் தேற்றி, நல்ல இடமாகப் பார்த்து அனுப்புவது இப்போது அவர் வேலை. மற்ற நாய்களெல்லாம் அந்தக் குரலைப் பொறுத்துக்கொண்டன. கட்டிலடியால் முடியவில்லை.

வந்த அன்றே கட்டிலுக்கு அடியில் போய், அதையே விலாசமாகவும் பெயராகவும் வைத்துக்கொண்ட நாய் அது. கண்டக்டர் வாயைத் திறந்தால் படுத்த இடத்திலேயே மூத்திரம் போய்விடும். அதனால் அவர் குசுகுசுவென்று பேசப் பழகினார்.

"இது இங்கயே இருக்கட்டுங்க. இத்தன வருஷமா என்னால முடியாதத இது பண்ணிடுச்சு," என்றாள் மனைவி.

ஆனால் ஒரு தும்மல் போதும், பட்ட பாடெல்லாம் பாழ். ஏற்கெனவே ஒரு குடும்பம் அழைத்துப் போய்த் திருப்பி அனுப்பிவிட்டது. இன்னொரு முறை திரும்பினால் கூண்டுதான் என்று காப்பகத்தில் கறாராகச் சொல்லிவிட்டார்கள். இரண்டு பக்கமும் ஓயாமல் குரைக்கும் இடம். அங்கே போனால் இது பிழைக்காது என்று கண்டக்டருக்குத் தெரியும்.

ஆகவே சத்தமே இல்லாத வீடாகத் தேடினார். வந்தவர்களை மிக்ஸி உண்டா, குழந்தை உண்டா, குறட்டை உண்டா என்று கேட்டே விரட்டினார்.

"நம்ம பொண்ணுக்கு மாப்பிள்ள பாக்கும்போது இதுல பாதி கூட நீங்க கேக்கல," என்றாள் மனைவி.

"அவ கட்டிலுக்கு அடியிலயா இருந்தா?"

கடைசியில் ஓர் அக்காவும் தம்பியும் அகப்பட்டார்கள். தலை நரைத்தவர்கள். அக்காவுக்கு நூலகத்தில் வேலை, தம்பி கைக்கடிகாரம் பழுது பார்ப்பவர். கண்டக்டர் அவர்கள் வீட்டில் உட்கார்ந்திருந்த நேரம் முழுக்க இருவரும் தங்களுக்குள் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. கண்டக்டருக்கு உடம்பு சிலிர்த்தது. கோடி கொடுத்தாலும் இப்படி ஒரு வீடு கிடைக்காது என்று அன்றைக்கே நாயை விட்டுவிட்டு வந்தார்.

ஏன் பேசவில்லை என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அம்மாவின் தையல் மெஷினைத் தம்பி சொல்லாமல் விற்ற நாளிலிருந்து அக்கா பேச்சை முறித்துக்கொண்டிருந்தார்.

சில வாரம் கழித்து, அந்தத் தெருவுக்கும் பால் ஊற்றும் பால்காரர் சொன்னார்: "அந்த வீடா? முன்னெல்லாம் இருக்கிற இடம் தெரியாது. இப்ப விடிஞ்சா ஒரே சத்தம்."

கண்டக்டர் சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடினார்.

தெருவிலேயே கேட்டது.

"டேய், உன் மாமாகிட்ட சொல்லு, குளிச்சா குழாய மூடணும்னு!"

"உன் அத்தகிட்ட சொல்லு, மூடித்தான் இருக்கு, வாஷர் போயிடுச்சுன்னு!"

கண்டக்டர் உள்ளே போய் முதல் காரியமாகக் கட்டிலுக்கு அடியில் பார்த்தார். காலி. திரும்பினால், கூடத்தின் நட்டநடுவில் நாய் உட்கார்ந்திருந்தது. அக்கா பேசும்போது அக்காவையும், தம்பி பேசும்போது தம்பியையும் பார்த்துக்கொண்டிருந்தது.

"நீங்க நேராவே பேசிக்கலாமே," என்றார், பழக்கதோஷத்தில் குசுகுசுவென்று.

"அப்ப இவனுக்கு என்ன வேல?" என்றார் அக்கா.

"மொதல்ல கட்டிலுக்கு அடியிலதான் கெடந்தான். காதுல விழலியோன்னு நாங்க ரெண்டு பேரும் சத்தமா சொல்ல ஆரம்பிச்சோம். அப்புறம் அவனே வெளிய வந்துட்டான்," என்றார் தம்பி.

கண்டக்டருக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை நாள் அடக்கி வைத்திருந்த குரல் தன்னை மீறி வெளியே வந்தது.

"நல்லா இருடா!"

ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அவர் பதறிப்போய் வாயைப் பொத்திக்கொண்டார்.

நாய் அவரை ஏற இறங்கப் பார்த்தது. பிறகு, இதை யாரிடம் சொல்ல வேண்டும் என்பதுபோல அக்காவைத் திரும்பிப் பார்த்தது.

கண்டக்டர் குனிந்து அதன் அருகே தரையைத் தடவினார். ஈரமில்லை.