அம்மா கேட்டு வாங்கிய சீனச் சொல்

எண்பதுகளில், நாங்கள் குடியேறிய ஒனிஹங்கா ஊரில் எங்கள் பக்கத்து வீட்டுச் சீனப் பெண்மணியின் மகன் விபத்தில் இறந்துபோனான். யாழ்ப்பாணத்தில் என் தம்பியைப் பறிகொடுத்துவிட்டு வந்த அம்மா, அந்தத் தாயிடம் சீனத்திலேயே துக்கம் கேட்க விரும்பினார். வாசலில் நின்ற அந்த வீட்டு மகளிடம் நான் ஆங்கிலத்தில் விசாரித்தேன்.

“துக்கத்தை அடக்கிக்கொள்ளுங்கள் என்று சொல்வோம்” என்றாள்.

“ஐயோ, நான் அப்பிடிச் சொல்லமாட்டன். பெத்த வயிறு பத்தி எரியுறதுக்கு என்ன சொல்லெண்டு கேள்” என்றார் அம்மா.

“கொன் செங் சுன் துன்.” ஈரலும் குடலும் துண்டுதுண்டாய் அறுந்துபோயின என்று பொருளாம்.

அம்மா உள்ளே போய், அந்தத் தாயின் கையைப் பிடித்து அதைச் சொன்னார். அதுவரை கல்லாய் இருந்தவர் அம்மாவின் தோளில் சாய்ந்து கதறினார்.

கடைக்குப் போனால்கூட அம்மாவுக்காக நான்தான் பேசவேண்டும். அன்று நான் தேவைப்படவில்லை. ‘இவர் என் அம்மா’ என்று அங்கிருந்த எல்லோரிடமும் சொல்லவேண்டும்போல் இருந்தது.