அடைப்புக்குறிக்குள் ஓர் எ

பூந்தமல்லியில் நான் வேலை பார்க்கும் கடையில் பேனர், நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை எல்லாம் அடிக்கிறோம். டைப் அடிப்பதும் டிசைனும் என் பொறுப்பு. மதியச் சாப்பாடு எதிரே இருக்கும் மெஸ்ஸில். அங்கே டிவியில் எப்போதும் செய்திதான் ஓடும். அன்றைக்கு ஒரு வெளிநாட்டு அதிபரின் படத்தைப் போட்டார்கள். போதைப் பொருள் கடத்துகிறாராம், பிடிக்கத் தகவல் கொடுத்தால் இத்தனை கோடி என்று அமெரிக்கா அறிவித்திருக்கிறதாம். நான் சைபர்களை எண்ண ஆரம்பித்துப் பாதியில் விட்டுவிட்டேன்.

எங்கள் கடையில் மெஷின் ஓட்டுகிறவருக்குக் குஷி தாங்கவில்லை. "பாத்தியாக்கா, ஒரு நாட்டையே ஆள்றவரு. அவரு தலைக்கே ரேட்டு போட்டுகீறானுங்க. யாரு புடிச்சிக் குடுப்பான்ற? எதிரியா? கூட உக்காந்து சோறு துன்றவன்தான் குடுப்பான்."

நான் ரசம் சாதம் பிசைந்துகொண்டிருந்தேன். கை நின்றுவிடும் என்று எதிர்பார்த்தேன். நிற்கவில்லை. என் வீட்டுக் கதை அவருக்குத் தெரியாது, கடையில் யாருக்குமே தெரியாது.

போன வருடம் போலீஸிடமிருந்து எங்களுக்கு ஒரு நோட்டீஸ் வேலை வந்தது. கஞ்சா, போதை மாத்திரை விற்பவர்களைப் பற்றித் தகவல் தருவோருக்குத் தக்க சன்மானம் வழங்கப்படும், பெயர் ரகசியமாக வைக்கப்படும். 'சன்மானம்' என்பதற்கு மூன்று சுழி போட்டு எழுதிக் கொடுத்திருந்தார்கள், திருத்தினேன். இந்த மாதிரிப் பிழைகளைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். கீழே இருந்த போன் நம்பரை நாலு தடவை சரிபார்த்ததில் அது மனப்பாடமாகிவிட்டது.

அப்போது என் தம்பி பாடியில் பார்த்துவந்த கம்பெனி வேலையை விட்டுவிட்டு, வலி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்ளும் பழக்கத்தில் விழுந்திருந்தான். கொளுத்துகிற வெயிலிலும் முழுக்கைச் சட்டையைக் கழற்ற மாட்டான். வாங்குவதற்காகவே பிறகு விற்கவும் ஆரம்பித்தான். அம்மாவின் வெள்ளி ஜெபமாலை காணாமல் போனது. பஸ்ஸில் தொலைத்துவிட்டேன் என்று அம்மா சொன்னாள். அவள் அந்த வாரம் பஸ்ஸே ஏறவில்லை.

பிடித்துக்கொண்டு போனால் நாலு தட்டு தட்டி எங்காவது வைத்தியத்துக்குச் சேர்ப்பார்கள் என்று நினைத்தேன். இப்படியே விட்டால் செத்துப்போவான் என்று பயந்தேன். இதைத் தவிர என்னிடம் வேறு நியாயம் இல்லை. பஸ் ஸ்டாண்டில் ஒரு தூணோரமாக நின்று போன் போட்டேன். என் பெயரைச் சொல்லிவிடக் கூடாதே என்பதிலேயே கவனமாக இருந்தேன். "பையன் பேர் இன்னாம்மா?" என்றதும் வாய் தன்பாட்டுக்கு வீட்டுப் பெயரைச் சொல்லிவிட்டது.

எங்களைப் போன்ற கத்தோலிக்க வீடுகளில் பெரும்பாலும் ஒரு பிள்ளைக்கு மூன்று பெயர். ஞானஸ்நானப் பெயர் கோயில் புத்தகத்தில் இருக்கும். பள்ளிக்கூடத்துக்கு ஒன்று. மூன்றாவது வீட்டுப் பெயர், யாராவது மழலையில் உளறியது ஒட்டிக்கொள்ளும். அவனுடையது நான் நாலு வயதில் உளறியது. அம்மாவும் நானும் தவிர வேறு யாரும் அதைச் சொன்னதில்லை. இங்கேயும் எழுத மாட்டேன். உடனே சுதாரித்துக்கொண்டு பள்ளிப் பெயரைச் சொன்னேன். போனில் பேசியவர் இரண்டையும் எழுதிக்கொண்டார்.

இரண்டு நாள் கழித்துக் குமணன்சாவடியில் பிடித்தார்கள். வைத்தியமும் இல்லை, ஒன்றும் இல்லை. வழக்கு, சிறை. பேப்பரில் நாலு வரி வந்தது. பள்ளிப் பெயர், அடைப்புக்குறிக்குள் ஓர் எ, அடுத்து வீட்டுப் பெயர். 'என்கிற' என்பதைச் சுருக்கி ரவுடிகள் பெயருக்கு நடுவில் போடுவார்களே, அந்த எ. அம்மா பேப்பரை மடித்து பீரோவில் வைத்தாள். "அந்தப் பேரு அவங்களுக்கு எப்டிடீ தெரிஞ்சிது?" என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன், மடித்து முடித்தேன். சன்மானத்தை வந்து வாங்கிக்கொள்ளச் சொல்லி அந்த நம்பரிலிருந்து கூப்பிட்டார்கள். போகவில்லை.

மெஸ்ஸில் அந்த அதிபரின் படம் திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருந்தது. அவருக்கும் அவர் பாஷையில் ஒரு வீட்டுப் பெயர் இருக்கும், அது தெரிந்த அக்காவோ தங்கையோ இருப்பாள் என்று தோன்றியது. மோர் கேட்டு வாங்கிக் குடித்தேன்.

அந்த வாரம்தான் முதல் தடவையாக அவனைச் சிறையில் பார்க்கப் போனேன். அதுவரை அம்மா மட்டும் போய்வந்துகொண்டிருந்தாள். கொஞ்சம் சதை போட்டிருந்தான். கண் தெளிந்திருந்தது. எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். கம்பி வலைக்கு இந்தப் பக்கம் ஏகப்பட்ட கூட்டம், எல்லோரும் கத்தித்தான் பேசினார்கள். அவன் மட்டும் கத்தவில்லை.

"பின்னாலேர்ந்து அந்தப் பேர சொல்லிக் கூப்டாங்கக்கா. ஓடியிருப்பேன். நீதான்னு நெனச்சி நின்ட்டேன்."

அம்மா கொடுத்தனுப்பிய பிஸ்கட்டை உள்ளே விட மாட்டேன் என்கிறார்கள் என்று மட்டும் சொன்னேன். நேரம் முடிந்து அவன் உள்ளே நடந்தபோது கூப்பிடத் தோன்றியது. வீட்டுப் பெயர் வாயில் வரவில்லை. பள்ளிப் பெயரைச் சொல்லி இரண்டு தடவை கூப்பிட்டேன். அவன் திரும்பவில்லை.